பெருவிரலைக் கட்டிய கொற்றி

அந்தக் காலத்தில் மனிதரும் விலங்குகளும் ஒரே பேச்சுப் பேசினார்கள். ஒரே மரத்தில் குடியும் இருந்தார்கள். எல்லாருக்கும் கால் பெருவிரல் மற்ற நான்கை விட்டு விலகியே நின்றது. கிளையைப் பற்ற அதுதான் கொக்கி. கொற்றி என்ற பெண்ணைப்போல் மரமேற அந்தக் காட்டில் ஆளில்லை.

ஒரு கோடையில் சுனை வற்றியது. ஆறோ மூன்று பகல் நடைத் தொலைவில் இருந்தது. நடுவே ஒரு மரமும் இல்லாத பொட்டல். கொற்றியின் கைக்குழந்தைக்கு எட்டு மாதம். பால் வற்றிக்கொண்டு வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துத் தரையில் நடந்து பார்த்தாள். விலகிய விரல் தடுக்கி ஆறாவது அடியில் விழுந்தாள். எழுந்து நடந்தாள், மறுபடியும் ஆறாவது அடிதான்.

நாய் சிரித்தது. "என்னோடதை நான் கணுக்காலுக்கு மேல ஏத்திட்டேன். ஓட்டத்துக்கு இடைஞ்சல்."

"நான் பின்னால தள்ளிட்டேன். கொப்புல உட்கார வசதி," என்றது காகம்.

கொற்றி நார் கிழித்து, பெருவிரலை மற்ற நான்கோடு சேர்த்துக் கட்டினாள்.

பக்கத்துக் கிளை மந்தி இறங்கி வந்தது. "அடியே, ரெண்டாவது பொழுது சாயறதுக்குள்ள அவுத்துடு. மூணாம் நாள் ஆச்சுன்னா விரல் அங்கேயே நின்னுரும். அப்புறம் மரம் உனக்கில்ல. உன் பிள்ளைக்கும் இல்ல."

"நீயும் வாயேன்."

"மரத்தை விட்டுட்டா நான் யாருடி? தளிரை மென்னு சமாளிச்சுக்குறேன், போ."

கொற்றி நடந்தாள். ஆறு அடி தாண்டியது, அறுபது தாண்டியது. நூறு வரைதான் அவளுக்கு எண்ணத் தெரியும். நூறானதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

இரண்டாம் நாள் பொழுது சாய்ந்தது. முடிச்சில் கை வைத்தாள். அவிழ்த்தால் வீங்கிய காலை மீண்டும் கட்ட முடியாது. குழந்தை மார்பைச் சப்பிவிட்டு அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. அவள் நாரை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினாள்.

மறுநாள் ஆற்றை அடைந்து, நீரைத் துளித்துளியாகச் சொட்டிக் குழந்தையின் உதட்டை நனைத்தாள். பதினோராவது துளிக்கு அது அழுதது. அதன் பிறகே நாரை அறுத்தாள். விரல் விலகவில்லை. கரையிலிருந்த மருதமரத்தில் மூன்று முறை ஏறிப் பார்த்தாள். மூன்று முறையும் வழுக்கினாள். திரும்பியபோது ஈரமணலில் தன் தடங்களைக் கண்டாள். ஒவ்வொன்றிலும் பெருவிரலின் குழிதான் ஆழமாக இருந்தது.

அன்று முதல்தான் நம் பெருவிரல் மற்ற நான்கோடு வரிசையில் நின்று, உடம்பின் பாரத்தை வாங்கி, அடிக்கு அடி நம்மை முன்னே தள்ளுகிறது. கைக்குழந்தையின் உள்ளங்காலை வருடினால் மட்டும், இன்றும் அந்த விரல் ஒரு கணம் விலகி விரிகிறது.