பின்பாதி

"இந்தப் பரிகாரம் எனக்குப் பத்தாது சாமி" என்றார் சந்தியாகு.

சாமி அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து கருவாடு சுட்டுக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"மூணு தடவை அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னிய. மிட்டாய் களவெடுத்த பிள்ளைக்கும் அதைத்தான சொல்லுவிய?"

"ஆமா."

"நான் களவெடுத்தது மிட்டாய் இல்லியே."

சாமி கருவாட்டைப் புரட்டிப் போட்டார்.

அவர்கள் இருந்த இடம் தேரி, செம்மணல் காடு. காற்றடிக்கும் பக்கம் மணல்மேடுகள் நகர்ந்துவிடும். நேற்று நடந்த வழி இன்று இருக்காது. அதன் நடுவே ஓலை வேய்ந்த ஒரு சின்ன மாதா கோவில், பக்கத்தில் இரண்டு குடிசைகள். ஒன்றில் கோவில் பாதிரியாரான சாமி இருந்தார். சந்தியாகுவுக்கு மகனாக இருக்கக்கூடிய வயதுதான் அவருக்கு. மற்றதில், கடலும் வேண்டாம் ஊரும் வேண்டாம் என்று வந்துவிட்ட சந்தியாகு.

அங்கிருந்து கடல் தெரியாது. ஆனால் மத்தியானக் காற்று பனைகளுக்குள் புகுந்தால் கடல் மாதிரியே இரையும். அப்போதெல்லாம் சந்தியாகு காதைப் பொத்திக்கொள்வார்.

பல வருடத்துக்கு முன்னால், ஒரு பெருங்காற்றில், அவருடைய கூட்டாளி கஸ்பார் வள்ளத்திலிருந்து தண்ணீரில் விழுந்தார். விழுந்தவர் கூப்பிட்டார். சந்தியாகுவுக்கு நன்றாகக் கேட்டது. திரும்பினால் வள்ளம் கவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் கரையைப் பார்த்து ஓட்டிவிட்டார். கேட்டவர்களிடம், காற்றிரைச்சலில் எதுவுமே காதில் விழவில்லை என்றார். ஊர் அதை நம்பியது. பாவம், கூட்டாளியைப் பறிகொடுத்துவிட்டான் என்று அவருக்காகவும் சேர்த்து அழுதது.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது, ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று சாமி கையைத் தூக்கி ஆசீர் கொடுத்தார். இவ்வளவு சுருக்காகவா என்று சந்தியாகுவுக்குச் சந்தேகம். ஆண்டவர் வேறு வேலையாக இருந்து, சரியாகக் கேட்காமல் தலையாட்டியிருப்பார் என்றுதான் அவருக்குப் பட்டது.

"அந்த மூணையாவது சொல்லியாச்சா?" என்று கேட்டார் சாமி.

"வரல."

"ஏன்?"

"வள்ளத்துல கஸ்பார் முன்பாதியைச் சொல்லுவான், நான் பின்பாதியைச் சொல்லுவேன். இப்ப முன்பாதி வருது. அதுக்கு மேல வாய் திறக்க மாட்டேங்கு."

அந்தக் கரையில் செபம் அப்படித்தான். ஒருவர் மரியாளை வாழ்த்தி நிறுத்துவார். கூட இருப்பவர், பாவிகளாகிய எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று பின்பாதியைச் சொல்லி முடிப்பார். தனியாளாக இருந்தால் இரண்டையும் தானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். சந்தியாகுவுக்கு அது கூடிவரவில்லை.

"சரி, பெரிய பரிகாரமாவே தர்றேன்" என்றார் சாமி. "நாளைக்குச் சாம்பல் புதன். ஊருக்குப் போயி பழைய குருத்தோலை வாங்கிட்டு வாங்க. ஒரு வீடும் விடக்கூடாது."

பட்டினி கிடக்கச் சொல்வார், முழங்காலால் நடக்கச் சொல்வார் என்றுதான் சந்தியாகு எதிர்பார்த்திருந்தார்.

குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையைச் சிலுவையாக மடித்து வீட்டில் செருகி வைப்பார்கள். மறுவருடம் அதைத் திருப்பிக் கொடுப்பார்கள். அதை எரித்த சாம்பலைத்தான் புதன்கிழமை எல்லோர் நெற்றியிலும் பூசுவது.

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஊருக்குள் நுழைந்தார். வெயிலில் வீடுகளெல்லாம் வெளிறி, கனவில் பார்ப்பது போல் இருந்தன. வாசலுக்கு வாசல் காய்ந்த சிலுவைகளைக் கொடுத்தார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். என்ன பதில் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

கஸ்பாரின் மனைவி சலேத்தம்மாள் வீட்டைத் தாண்டிப் போய்விடத்தான் பார்த்தார். அவள் வாசலில் நின்றிருந்தாள்.

"உள்ள வாங்கண்ணே" என்றாள்.

உள்ளே போகவில்லை. ஓலை மட்டும் கேட்டார். கஸ்பார் கடைசியாக மடித்த சிலுவை அவளிடம் இருந்தது. எத்தனையோ சாமிமார் கேட்டும் கொடுக்காதது. கேட்பது நீங்கள் என்பதால் தருகிறேன் என்று சொல்லி அதை நீட்டினாள்.

வாங்கக் கை எழவில்லை. அவள் வைத்திருந்த நம்பிக்கைதான் அவரைக் கொன்றது.

"கூப்புட்டான்மா" என்றார். "எனக்குக் கேட்டுச்சு. நான் திரும்பல."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"என்ன சொல்லிக் கூப்புட்டாவ?"

"மச்சான்னு."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

திரும்பும்போது வந்த வழி இல்லை. மணல் இறங்கிய பக்கமெல்லாம் இறங்கி, ஏறிய பக்கமெல்லாம் ஏறி, எப்படியோ வந்து சேர்ந்தார். சாமி மண்சட்டியில் ஓலைகளைக் கொட்டினார். தீ வைக்கவில்லை.

"ஒரு வீட்டு ஓலை குறையுது" என்றார்.

"அது வராது சாமி."

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

சாமி எழுந்து போய், மூன்றாவதாக ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்தார்.

பொழுது சாய்ந்தது. மணலும் வானமும் ஒரே நிறமாகி, எது மேடு, எது மேகம் என்று தெரியாமல் போனது. அதற்குள்ளிருந்து ஓர் உருவம் வந்தது. பக்கத்தில் வந்த பிறகுதான் சலேத்தம்மாள் என்று தெரிந்தது. செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.

சட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அவுக சத்தம் ஒருத்தருக்குமே கேக்கலன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள். யார் முகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை.

மடியிலிருந்து சிலுவையை எடுத்துச் சட்டியில் போட்டாள். சாமி தீ வைத்தார். பிறகு சந்தியாகுவைப் பார்த்து, செபத்தைத் தொடங்கச் சொல்லித் தலையசைத்தார்.

சந்தியாகு தொடங்கினார். முன்பாதி வந்தது. வழக்கமான இடத்தில் நின்றுவிட்டது. நீங்களாவது முடியுங்கள் என்பது போல் சாமியைப் பார்த்தார்.

சாமி கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஓலை படபடவென்று எரிந்தது. காற்று பனைகளுக்குள் புகுந்து கடலாக இரைந்தது. சந்தியாகு இந்த முறை காதைப் பொத்தவில்லை. கூப்பிட்டுவிட்டுக் காத்துக் கிடப்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கண்ணீர் தாடியில் இறங்கியது.

சலேத்தம்மாள் தீயை விட்டுக் கண்ணெடுக்காமல் பின்பாதியை எடுத்தாள். "பாவிகளாகிய எங்களுக்காக" என்ற இடத்தில் அவள் குரல் உடைந்தது. ஆனாலும் சொல்லி முடித்தாள்.

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"அடுத்ததைச் சொல்லுங்கண்ணே" என்றாள்.