சரளைத் திட்டில் கீரிக்கு என்ன வேலை?

ஒரு காட்டில், ஆற்றை ஒட்டிய சரளைத் திட்டில், ஆட்காட்டிக் குருவி ஒன்று நான்கு முட்டைகள் இட்டிருந்தது. உச்சி வெயிலில் அங்கே கல்லெல்லாம் கொதிக்கும். அப்போது ஆட்காட்டி ஆற்றுக்குப் பறந்து போய், வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, முட்டைகளைக் குளிர வைக்கும். அது திரும்பும்வரை காகம் காவல் இருக்கும். காகத்தின் பேச்சு தேனாக இனிக்கும், குழந்தைகளே. அதைக் குறை சொல்ல அந்தக் காட்டில் ஆளே இல்லை.

இரண்டு நாளில் இரண்டு முட்டைகள் காணாமல் போயின.

"வேறு யார்? கீரிதான்," என்றது காகம். கீரி பேர்போன திருடன் என்பதால் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். தலைவர் காட்டெருமை கீரியைச் சரளைத் திட்டுக்குக் கூட்டிவரச் சொன்னது.

வரும் வழியெல்லாம் கீரிக்கு வயிறு எரிந்தது. தின்னாத முட்டைக்குப் பழி. தின்றது யார் என்று அதற்கு நன்றாகத் தெரியும். ஆனால் தெரிந்த கதையைச் சொன்னால் மானம் போகும். கொஞ்சம் மெருகு போட்டுச் சொல்லலாம் என்று முடிவு செய்தது.

"தலைவரே, நான் திருந்திவிட்டேன்," என்று கீரி கைகூப்பியது. "நேற்று உச்சி வேளையில் இந்தப் பக்கம் காற்று வாங்க வந்தேன். காகம் முட்டையைக் கொத்தித் தின்றதைப் பார்த்தேன். நியாயம் ஜெயிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை."

முயல்கள் சிரித்துவிட்டன.

"உச்சி வெயிலில் சரளைத் திட்டில் காற்று வாங்கினாயா?" என்றது காட்டெருமை. "இங்கே நிழல் உண்டா, புல் உண்டா? உனக்கு இங்கே என்ன வேலை?"



"இன்றைக்கே இதை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரட்டுங்கள்," என்றது காகம். "மிச்சம் இரண்டு முட்டைகளையும் நான் பார்த்துக்கொள்கிறேன்."

ஆட்காட்டி சிறகை விரித்து, இரண்டு முட்டைகளுக்கும் நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது. நாளை இவையும் காகத்தின் வயிற்றுக்குள் போய்விடும் என்று நினைத்தபோது கீரிக்குப் பாவமாக இருந்தது. முட்டையைப் பார்த்தால் அதற்குப் பசிதான் வரும். பாவம் என்று தோன்றியது அதுவே முதல் தடவை.

"சரி, மானம் போனால் போகட்டும்," என்றது கீரி. "நான் திருடத்தான் வந்தேன். அதோ அந்த ஆவாரஞ்செடிக்குப் பின்னால் பதுங்கியிருந்தேன். காகம் முந்திக்கொண்டது. தின்றுவிட்டு, முட்டை ஓட்டைக் கொண்டுபோய் இலவ மரத்தடிச் சருகுக்குள் செருகியது. ஏதாவது ஒட்டியிருக்குமா என்று நான் பின்னாலேயே போய் நக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. முந்தின நாள் ஓடும் அங்கேதான் கிடந்தது."

"அதை இப்போது ஏன் சொல்கிறாய்?" என்று காட்டெருமை கேட்டது.

"பாதி வயிற்றெரிச்சல். காகம் தின்றதற்கு நான் ஏன் காட்டை விட்டுப் போக வேண்டும்? மீதிப் பாதி, இந்த அம்மா நிற்கிற நிலையைப் பார்க்க முடியவில்லை."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"வெறும் ஓட்டை நக்கினேன் என்று எவனும் தன்னைப் பற்றிக் கதை கட்ட மாட்டான்," என்றது காட்டெருமை. "போய்ப் பாருங்கள்."

முயல்கள் ஓடிப்போய்ச் சருகைக் கிளறின. இரண்டு ஓடுகளும் இருந்தன. முயல்கள் திரும்பி வருவதற்குள் காகம் ஆற்றைத் தாண்டிப் பறந்துவிட்டது.

"வெயில் ஏறுகிறது. நான் தண்ணீருக்குப் போனால் இனி யார் காவல்?" என்று ஆட்காட்டி கேட்டது.

"நான் இருக்கிறேன்," என்றது கீரி. "ஆனால் முட்டைக்குப் பக்கத்தில் நிற்க மாட்டேன். என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. ஆவாரஞ்செடியோடு நின்றுகொள்கிறேன். அதைத் தாண்டி ஓர் அடி வைத்தால் ஆற்றிலிருந்தே கத்து. தலைவர் வந்து என்னை மிதிக்கட்டும்."

"உயிரைக் கொடுத்துக் காப்பேன் என்றது காகம். அதற்கு இது தேவலை," என்று சொல்லிவிட்டு ஆட்காட்டி ஆற்றுக்குப் பறந்தது.

பத்தாம் நாள் இரண்டு குஞ்சுகள் கூழாங்கற்களுக்கு நடுவே குடுகுடுவென்று ஓடின. கீரி எச்சிலை விழுங்கிக்கொண்டு, ஆவாரஞ்செடிக்கு அப்பாலேயே நின்றது.

நீதி: நல்லவன் வேடம் போடுபவனை விட, தன் குற்றத்தையும் சேர்த்துச் சொல்பவனை நம்பலாம்.