பஞ்சு அடைத்த அறை

"சிஸ்டர், கொஞ்சங்கூடச் சத்தம் போடாத ஏசி எது?"

கேட்டவர் இருதயராஜ். ஊருக்கு வெளியே ஒலிப்பதிவு ஸ்டுடியோ வைத்திருந்தார். சிஸ்டர் அமலோற்பவம் கன்னியர் மடத்தில் இருந்துகொண்டு ஒலிப்பதிவு சொல்லிக்கொடுப்பவர். இருதயராஜைவிட இளையவர். ஆனாலும் அவர் வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்தான் இருதயராஜ்.

"அப்படி ஒண்ணு கிடையாது," என்றார் சிஸ்டர்.

"வாங்கினதெல்லாம் இரையுது. மைக் அத்தனையையும் பிடிச்சுக்குது."

"காத்து வர்ற குழாயைப் பெரிசா வைங்க. காத்து மெதுவா வரட்டும். விசிறியை ரூமை விட்டுத் தள்ளி, ரப்பர் மேல உக்கார வைங்க. குழாய்க்குள்ள பஞ்சு ஒட்டி, ரெண்டு இடத்துல வளைச்சு விடுங்க."

"அப்போ சத்தமே வராதா?"

"கொஞ்சம் வரும்."

"கொஞ்சமும் வேண்டாம், சிஸ்டர்."



இருதயராஜ் திரும்பிப் போய்த் தன் வழியில் செய்தார். பதிவுக்கு முன்னால் ஏசியை ஓடவிட்டு அறையைக் குளிர வைப்பார். பிறகு நிறுத்திவிடுவார். கதவு இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினார். வெளிக்காற்று வர இருந்த ஒரே துளையையும் பஞ்சைத் திணித்து அடைத்தார்.

அறை அடங்கிப்போனது. உள்ளே நின்று எச்சில் விழுங்கினால் அது தொண்டையில் இறங்குவது கேட்டது.

அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

பிறகு ஆட்கள் வருவது குறைந்தது.

மிருதங்கக்காரர் பூங்குன்றன் வாசித்துக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து ஓடி, வாசலில் வாந்தி எடுத்தார். விளம்பரத்துக்குக் குரல் கொடுக்க வந்த பெண், பின்கழுத்தில் யாரோ மூச்சு விடுவதாகச் சொன்னாள். கைப்பையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். பங்குச் சாமியார் வந்து கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் செபம் சொன்னார். அவரும் தலையைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தார்.

இருதயராஜின் மகள் ஜெனிட்டா மட்டும் பயப்படவில்லை. பார்வையில்லாத பிள்ளைகள் கேட்பதற்காக ஒரு பெரிய நாவலை வாசித்துப் பதிந்துகொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம், சாப்பிடக் கூப்பிடப் போன இருதயராஜ், அவள் தரையில் கிடப்பதைப் பார்த்தார்.

இரண்டாவது முறையாக சிஸ்டர் முன்னால் வந்து நின்றார்.

"இதைக் கேளுங்க."

பதிவை ஓடவிட்டார்.

ஜெனிட்டா வாசிக்கிறாள். குரல் தெளிவாக இருக்கிறது. போகப்போக இழுபடுகிறது. வாசித்த வரியையே மறுபடி வாசிக்கிறாள். மறுபடியும் அதே வரி. நிறுத்துகிறாள்.

"யாரு?"

நாற்காலி நகரும் சத்தம்.

"சரி... நீங்களே உக்காருங்க."

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். நல்லாத்தான் இருக்கா. ஆனா அந்த ரூம் பக்கமே வர மாட்டேங்கிறா." இருதயராஜின் குரல் தழைந்தது. "அங்க யாரு சிஸ்டர் இருக்காங்க?"

சிஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க. அவங்ககிட்டயே கேப்போம்."

அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினார். கதவை ஒட்டி நாற்காலியைப் போட்டு, கைப்பிடியில் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்தார். இருதயராஜ் எதிரே உட்கார்ந்தார்.

"என்ன செய்யணும்?"

"உக்காந்திருங்க."

நேரம் போனது.

முதலில் இருதயராஜுக்குத் தம் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது. பிறகு சட்டை முதுகில் ஒட்டியது. நெற்றியில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது.

"சிஸ்டர், போதுமே."

சிஸ்டர் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் முகமும் வியர்த்திருந்தது.

இருதயராஜ், தாம் எதற்காக இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. மகளின் பெயரை நினைத்துப் பார்த்தார். அதற்கும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அப்போதுதான் பார்த்தார். மைக்குக்குப் பின்னால், மூலையில்.

"சிஸ்டர்."

"ம்."

"யாரோ நிக்கிறாங்க."

சிஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரிஞ்ச ஆளா?"

"முகம் தெரியல. வாய் மட்டும் தெரியுது. திறந்து திறந்து மூடுது."

"என்ன சொல்றாங்க?"

"சத்தமே வரல, சிஸ்டர்."

"நீங்க கேட்ட ரூம் இதுதானே?"

இருதயராஜ் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மறுபடி திறந்தது. மறுபடி மூடியது. ஒரே ஒரு சொல். அந்த உதடுகள் அசைவது போலவே தம் உதடுகளையும் அசைத்துப் பார்த்தார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. இன்னொரு முறை அசைத்தார்.

சொல் அவர் வாயிலிருந்தே வந்தது.

"காத்து."

சிஸ்டர் கைப்பிடியைத் திருகினார்.

கதவு திறந்துகொண்டது. இருதயராஜ் வெளியே ஓடவில்லை. தள்ளாடிக்கொண்டே எதிர்ச் சுவருக்குப் போனார். துளைக்குள் கையை விட்டார். பஞ்சைப் பிடித்து இழுத்தார். கொத்துக் கொத்தாக வந்து காலடியில் விழுந்தது. கடைசிக் கொத்தும் வந்தபோது முகத்தில் காற்று அடித்தது. அதோடு தூரத்து பஸ்ஸின் ஹாரனும், எங்கோ ஒரு காக்கையும், வேப்பமரம் அசைகிற இரைச்சலும் உள்ளே வந்தன.

"சத்தம் வருதே," என்றார் சிஸ்டர்.

துளையில் முகத்தைப் பதித்தபடி இருதயராஜ் சொன்னார்:

"வரட்டும், சிஸ்டர்."