அடுப்பை அணைச்சீங்களா?

ரோஸ்லின் மூன்றாவது பேஸைத் தாண்டி ஓடி வந்துகொண்டிருந்தாள். இன்னும் பத்தடி ஓடி ஹோம் பேஸை மிதித்து ஒரு ரன் எடுத்திருந்தால் ஏ பிளாக் ஜெயித்திருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான், மூன்றாவது பேஸில் நின்ற பி பிளாக் பிரமிளா, கத்தரிக்காய் விலை கேட்கிற குரலில் சொன்னாள்: "அக்கா, அடுப்ப அணைச்சிட்டுத்தான வந்தீங்க?"

ரோஸ்லின் நின்றுவிட்டாள். குக்கரை ஏற்றியது ஞாபகம் இருந்தது. இறக்கியது ஞாபகம் இல்லை. யோசித்து முடிப்பதற்குள் பி பிளாக்காரி ஒருத்தி பந்தும் கையுமாக வந்து தோளைத் தொட்டுவிட்டாள். பேஸில் கால் வைக்காதவளைப் பந்தோடு தொட்டால் அவுட்.

ஆவடிப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் வருஷா வருஷம் காலனி தினத்தன்று காலையில் பெண்களுக்குப் பேஸ்பால். தோற்ற பிளாக் மதிய விருந்துக்குச் சின்ன வெங்காயம் உரிக்க வேண்டும். நாற்பது கிலோ. ஆட்டம் சமமானால் போன வருஷம் ஜெயித்தவர்களுக்கே கோப்பை. ஐந்து வருஷமாக உரிப்பது ஏ பிளாக். இப்போது ஏழுக்கு ஏழு, கடைசி இன்னிங்ஸ், ஏற்கெனவே இரண்டு பேர் அவுட். சாக்கு மூட்டைகள் குழாயடியில் தயாராக உட்கார்ந்திருந்தன.

"சார், பந்து கையில இல்லாதவங்க உடம்பால மறிச்சாலும் தப்பு, வாயால மறிச்சாலும் தப்பு, ஓடுறவங்களுக்கு அடுத்த பேஸக் குடுத்துடணும். கான்வென்ட்ல எங்க சிஸ்டர் முதல் நாளே சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு ரன் குடுங்க," என்றாள் ரோஸ்லின்.

அம்பயர் மகிமைதாஸ் தொப்பியைக் கழற்றினார். சி பிளாக் மகிமைதாஸ் தொப்பியைக் கழற்றினால் தீர்ப்பு வராது, கதைதான் வரும்.

"வாயால மறிக்கிறதப் பத்தி எனக்கா சொல்றீங்க? திண்டுக்கல்ல ஒரு மேட்ச். முதல் பேஸ்ல நின்னவன் வாயே தொறக்கல. மனசுக்குள்ள 'விழுடா'ன்னு நெனச்சான். எனக்குக் கேட்டுது. உடனே கையத் தூக்கிட்டேன்."

"மனசுல நெனச்சது கேட்டுதா சார்?" மட்டையை ஊன்றிக்கொண்டு நின்ற ஏ பிளாக் ஹேமா கேட்டாள்.

"லேசாத்தான் கேட்டுது. எதிர்க்காத்து."

"சார், என் ரன்," என்றாள் ரோஸ்லின்.

"இரும்மா, வர்றேன். தூத்துக்குடியில ஒருத்தன் ஓடிக்கிட்டிருக்கான். ஃபீல்டர்காரன் 'உங்க தெருவுக்குத் தண்ணி லாரி வந்தாச்சு'ன்னான். அவன் அப்படியே வேலியத் தாண்டி வீட்டுக்குப் போனான். பதினாலு குடம் பிடிச்சான், குளிச்சான், சாப்பிட்டான், ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சு வந்தான். நான் அவனுக்குப் பேஸ் குடுத்தேன்."

"அதுவரைக்கும் பந்து?"

"மேலயே நின்னுது. நான் கை காட்டாம அது எப்படி இறங்கும்?"

ஹேமா மட்டையைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இதுக்கே உக்காந்துட்டா எப்படி? விருதுநகர்ல சங்கிலிமுத்துன்னு ஒருத்தன். 'ஏய், நில்லு'ன்னான் பாருங்க. ஓடுறவன் நின்னான். பந்து நின்னுது. மைதானத்துக்குப் பின்னால போன கூட்ஸ் வண்டி நின்னுது, அம்பத்திரெண்டு பெட்டி. வாயால மறிச்சது மறிச்சதுதான? எல்லாத்துக்கும் ஆளுக்கொரு பேஸ் குடுத்தேன். கூட்ஸ் வண்டி ரெண்டாவது பேஸத் தொட்டுட்டுத்தான் மதுரைக்குப் போச்சு. கார்டு இறங்கி வந்து கைகுடுத்துட்டுப் போனாரு."

"அத்தன பேரு நின்னாங்களே, நீங்க நிக்கலையா சார்?" என்று பிரமிளா தேன் ஒழுகக் கேட்டாள். தீர்ப்பு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

மகிமைதாஸின் மார்க்கவசம் இரண்டு அங்குலம் உயர்ந்தது. "நானா? முப்பது வருஷ சர்வீஸ்ல, தூக்கின கைய முடிக்காம நான் திரும்பினதே இல்ல. இடி விழுந்துது, திரும்பல. மூத்தவன் பொறந்துட்டான்னு ஆள் வந்து சொன்னான், திரும்பல. ஓடுறவங்களுக்கும் அந்த நெஞ்சுறுதி வேணும்மா. அடுப்பு, குக்கருன்னு ஒரு வார்த்தைக்கு நின்னா, அது நின்னவங்க தப்பு, சொன்னவங்க தப்பில்ல. அதனால..."

தொப்பியை மாட்டினார். அவுட் கொடுக்க வலது கை முஷ்டியாக மேலே கிளம்பியது.

ரோஸ்லின் வெங்காய மூட்டைகளைப் பார்த்தாள். பிறகு, அதே கத்தரிக்காய் விலை கேட்கிற குரலில் சொன்னாள்: "சார், மோட்டாரப் போட்டுட்டு வந்தீங்களே, அணைச்சாச்சா?"

முஷ்டி காதுக்கு நேராக நின்றது. தலை தானாக சி பிளாக் மொட்டைமாடிப் பக்கம் திரும்பியது. "ஐயையோ, தொட்டி நெறைஞ்சு..." கால்களும் கிளம்பிவிட்டன. மார்க்கவசம் குலுங்க நாலு எட்டு ஓடியும்விட்டார்.

"உங்க பிளாக் மோட்டார் நாலு நாளா ரிப்பேர் கடையில கெடக்கு சார்," என்றாள் ரோஸ்லின்.

மகிமைதாஸ் நின்றார். காலையில் மூன்று மாடி ஏறிப் பக்கெட்டில் தண்ணீர் சுமந்த அவருடைய தோளுக்கு அது அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். மைதானமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. முஷ்டி மெல்லப் பிரிந்தது. இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

"வாயால மறிச்சாச்சு. ரன்."

பிரமிளா குழாயடிக்குப் போய் மூட்டையின் கட்டை அவிழ்த்தாள்.

"நானா இருந்ததால நாலு எட்டோட நின்னேன்," என்றார் மகிமைதாஸ். "வேற அம்பயரா இருந்தா இந்நேரம் அரக்கோணம் தாண்டியிருப்பான்."

"அத அங்க உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்லுங்க சார். பி பிளாக் கேக்கும்." சொல்லிக்கொண்டே ரோஸ்லின் ஹோம் பேஸை மிதித்தாள். மிதித்தவள் நிற்கவில்லை. ஹேமா கட்டிப்பிடிக்க நீட்டிய கைக்குக் கீழே குனிந்து, வேலியைச் சுற்றிக்கொண்டு, நேரே வீட்டைப் பார்த்து ஓடினாள். குக்கரை இறக்கியது அவளுக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை.