டன்னுக்கு எடை ஏறிய கதை

இந்தக் கதை எனக்கு நேரடியாகத் தெரியாது. ராசிபுரம் பைபாஸில் பஞ்சர் ஒட்டுகிறவர் ஒருவர் என் சித்தப்பாவிடம் சொன்னார், சித்தப்பா என்னிடம் சொன்னார். சித்தப்பா எதையும் ஒரு கை கூடப் போட்டுத்தான் சொல்வார். அதனால் நானே விசாரித்துத் தெரிந்துகொண்டதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். மற்றதற்கு நான் பொறுப்பில்லை.

அந்த பைபாஸில் லாரிகளை நிறுக்கும் எடை மேடை ஒன்று இருந்தது. அதில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூத்தவர் பொங்கியண்ணன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எடைச் சீட்டு அடிப்பவர் என்பதால் அவரை அறிவாளி என்று மற்ற இருவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து கையைக் காட்டி லாரியை ஏற்றி இறக்குவான். அர்த்தநாரி மேடையைக் கூட்டுவான். மூன்று பேர் மூளையையும் சேர்த்து மேடையில் வைத்தாலும் பூஜ்யம் மாறாது என்று லாரிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.

அதில் மேடையின் குற்றமும் உண்டு. நாற்பது டன் தாங்கும் மேடை அது. இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும். பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதுவும் அதன் கணக்கில் பிறக்கவே இல்லை; பத்தைத் தாண்டினால் முழு இருபதாக எண்ணிவிடும்.

ஒரு நாள் மேடைக்கு அடியிலிருந்து ஒரு நாய்க்குட்டி ஊர்ந்து வந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். அர்த்தநாரி அதைத் துண்டில் சுற்றி எடுத்து, டன் என்று பெயரும் வைத்துவிட்டான். அவன் வந்தால் எழுந்து நிற்கிற ஜீவன் உலகத்தில் அது ஒன்றுதான்.

முதலாளி பார்த்தார். "இது கேட்டைக் காக்குமா, கேட்டுதான் இதைக் காக்கோணுமா? நான் பழனிக்கு நடந்து போறேன். திரும்பி வர்றப்ப நம்ம மேடையில இதுக்கு எடை ஏறியிருக்கோணும். இல்லைன்னா மச்சான் கோழிப்பண்ணைக்கு ஏத்தி விட்டுருவேன்."

அர்த்தநாரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மூன்று பேரும் குட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டர் ஜெயசெல்வியிடம் ஓடினார்கள்.

டாக்டர் நிறுத்துப் பார்த்தார். ரெண்டு கிலோ. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "பாக்கெட் தீனிதான் முக்கியச் சாப்பாடு. வெதுவெதுப்பான தண்ணியில ஊறவெச்சு, நாலு வேளையாப் பிரிச்சுக் குடுங்க. அதோட எலும்பில்லாத கோழி, முட்டை, மஞ்சள் பூசணி சேர்க்கலாம். எதுவானாலும் உப்பு, காரம், மசாலா இல்லாம வேகவெக்கணும். எல்லாம் சேர்ந்து மொத்தத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது. புதுசா ஒண்ணு சேர்த்தா ரெண்டு நாள் பாருங்க. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் இதெல்லாம் குட்டி பக்கத்துலயே வரக் கூடாது."

மூவரும் தலையாட்டினார்கள். ஒருவர் மறந்தால் இன்னொருவருக்கு ஞாபகம் இருக்குமே என்று மூவரும் நம்பினார்கள்.

முதல் வேலையாக, தொடக்க எடை போடுவதென்று முடிவாயிற்று. குட்டியை மேடையில் விட்டார்கள். பூஜ்யம்.

"டாக்டர் ரெண்டு கிலோன்னாங்களே," என்றான் அர்த்தநாரி.

"அவங்க மேசை மேல ஒரு தட்டு வெச்சிருக்காங்க. நாற்பது டன் நிறுக்கற மேடை பொய் சொல்லுமா, தட்டு பொய் சொல்லுமா?" என்றார் பொங்கியண்ணன். "எதுக்கும் நம்ம தொழில் முறைப்படியே பார்த்துருவோம். லோடு லாரியில காலி லாரியைக் கழிச்சா சரக்கு. நீதான் லாரி. ஏறு."

அர்த்தநாரி குட்டியோடு ஏறினான். அறுபது. குட்டியை இறக்கிவிட்டு ஏறினான். அறுபது.

"கழிச்சா ஒண்ணுமில்ல. பாவம், இது இன்னும் எடைன்னு ஒண்ணு ஆரம்பிக்கவே இல்ல," என்று நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்து பத்தில் ஒரு பங்கு. தீனிக் கிண்ணத்தை மேடையில் வைத்தார்கள். பூஜ்யம். பூஜ்யத்தில் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்று பொங்கியண்ணன் டீ ஆறும்வரை யோசித்து, பூஜ்யம்தான் என்று தீர்ப்புச் சொன்னார். ஆகவே கோழியும் பூஜ்யம் காட்டியாக வேண்டும். ஒரு முழுக் கோழியை வேகவைத்து மேடையில் வைத்தார்கள். பூஜ்யம். ஒரு அட்டை முட்டையை வைத்தார்கள். பூஜ்யம்.

"அளவு கச்சிதம். அத்தனையும் போடு," என்றார் பொங்கியண்ணன்.

அர்த்தநாரிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. குட்டியின் வயிறு அவன் உள்ளங்கையைவிடச் சிறியது. "பூஜ்யத்துலயே சின்ன பூஜ்யமாப் போடறேனுங்கண்ணா," என்று சொல்லி, நகத்தளவு கோழியைப் பிய்த்துத் தீனியில் கலந்தான். மிச்சம் வீணாகக் கூடாதே என்று தானே சாப்பிட்டான். உப்பும் காரமும் இல்லாத கோழியை, கண்ணை மூடிக்கொண்டு, மருந்து மாதிரி விழுங்கினான். எல்லா வேளையும் இப்படித்தான் நடந்தது.

"ரெண்டு நாள் பாருங்க" என்று டாக்டர் சொன்னது நாச்சிமுத்துவின் பொறுப்பு. அவன் குட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்தான். குட்டி கூச்சப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சாப்பிட்டது. நாச்சிமுத்துவும் எழுந்து சுவர்ப்பக்கம் போய் உட்கார்ந்தான்.

அந்த நேரத்தில்தான் பெரம்பலூரிலிருந்து சின்ன வெங்காய லாரி வந்து நின்றது. நாச்சிமுத்து குட்டியிடமிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டி மறித்தான்.

"என்னய்யா, நிறுக்க மாட்டீங்களா?" என்றார் டிரைவர்.

"வெங்காயம் குட்டி பக்கத்துல வரக் கூடாதுங்க. டாக்டர் உத்தரவு."

"சரி, என்னதான் பண்றது?"

மூவரும் தனியாகப் போய் ஆலோசித்தார்கள். திரும்பி வந்து பொங்கியண்ணன் சொன்னார். "வெங்காயத்தை அந்தப் புளியமரத்துக்கிட்ட இறக்கி வெச்சுட்டு வாங்க. லாரியை நிறுக்கறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்லை."

"வெங்காயத்தை நிறுக்கத்தானய்யா வந்தேன்."

"அப்படீங்களா? அப்ப லாரியை மரத்துக்கிட்ட விட்டுட்டு வாங்க."

டிரைவர் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்துவிட்டு, வேறு மேடை தேடிப் போனார்.

முதலாளி பழனியிலிருந்து மொட்டைத் தலையோடு வந்து இறங்கினார். குட்டி ஓடிப்போய் அவர் செருப்பைக் கடித்தது. உடம்பு உருண்டையாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்குக் கண்ணில் நம்பிக்கையில்லை, சீட்டில்தான் நம்பிக்கை. "மேடையில விடு," என்றார்.

பூஜ்யம்.

முதலாளி மச்சானுக்குப் போன் போட ஆரம்பித்தார். அர்த்தநாரி குட்டியை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கொடுக்க மாட்டேன் என்று மேடை நடுவிலேயே நின்றுவிட்டான்.

"எண்பது," என்றார் உள்ளேயிருந்து பொங்கியண்ணன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குட்டியை இறக்கிவிட்டு நிற்கச் சொன்னார்கள். அறுபது. மறுபடி தூக்கினான். எண்பது.

"கழிச்சா இருபது கிலோ," என்று பொங்கியண்ணன் சீட்டு அடித்துக் கொடுத்தார்.

முதலாளி சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனை வைத்தார். "பழனியாண்டவன் கைவிடலை. இங்கயே இருக்கட்டும்." சீட்டு கொடுத்த பிறகு சரக்கு குறைந்தால் மேடை பொறுப்பில்லை என்பது தொழில் வழக்கம். ஆகவே அதன் பிறகு அவர் குட்டியை நிறுக்கச் சொல்லவே இல்லை.

அர்த்தநாரி சந்தோஷத்தில் டாக்டருக்குப் போன் செய்தான். "இருபது கிலோ ஏறிருச்சுங்க டாக்டர்."

"இருபதா? உடனே சாப்பாட்டைக் குறைங்க," என்று பதறினார் டாக்டர்.

யார் சாப்பாட்டை என்று அவர் சொல்லவில்லை. மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"குட்டி தனியா நின்னா பூஜ்யம். அதுக்கிட்ட எடையே இல்லை," என்றார் பொங்கியண்ணன். "இவன் தூக்கினாத்தான் இருபது வருது. அப்ப அந்த இருபதும் இவன்கிட்டத்தான் பதுங்கியிருக்கு. குட்டியைப் பார்த்தா வெளிய வருது."

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே," என்றான் அர்த்தநாரி.

"எடை ஏறுனவனுக்கு எப்படறா தெரியும்?" என்றான் நாச்சிமுத்து.

அர்த்தநாரிக்கு அரை வயிற்றுச் சோறு என்று தீர்மானம் ஆயிற்று. சில நாள் கழித்து குட்டியோடு மேடையில் ஏற்றிப் பார்த்தார்கள். அறுபது. டாக்டர் கைராசிக்காரர் என்று மூவரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

சித்தப்பா சொன்னது இவ்வளவுதான். நான் டாக்டர் ஜெயசெல்வியிடம் போய் விசாரித்தேன். தானே மேடைக்குப் போய் நிறுத்துப் பார்த்ததில் குட்டி இப்போது அஞ்சு கிலோ, வயதுக்குச் சரியான எடை, ஒரு குறையும் இல்லை என்றார். தடுப்பூசிக்கு மூவரும் சொன்ன தேதியில் வந்தார்களா என்று கேட்டேன். வந்தார்களாம். நாய்க்குட்டியை மேடையிலேயே விட்டுவிட்டு வந்து, அர்த்தநாரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேசையில் ஏறி உட்கார்ந்தானாம்.