பெட்டியில் போட்டிருந்த வேகம்

காசு கொடுத்து வாங்கிய பொருளில் ஒரு பங்கை ஒளித்து வைத்துக்கொண்டு மீதியைத்தான் உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், உங்களுக்குக் கோபம் வருமா, வராதா?

ஐயம்பெருமாளுக்கு வந்தது. சுரண்டைப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறவர் அவர். ஐம்பதை நெருங்கும் ஆள். வந்த கோபம் ஆறுவதற்குள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போய்விட்டார்.

கடை ஹாஜிராவுடையது. வயது முப்பத்தொன்றுதான். ஐயம்பெருமாள் கம்ப்யூட்டர் வாங்கியதும், அதைத் தொட்டு எடிட்டிங் கற்றுக்கொண்டதும் அவரிடம்தான். அதனால் இவர் அவரை டீச்சர் என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

"டீச்சர், என்னை ஏமாத்திட்டாங்க."

"யாரு அண்ணாச்சி?"

"பிராசசர் கம்பெனிக்காரன்! பெட்டியில முப்பத்தெட்டுன்னு வேகம் போட்டிருக்கான். ஆனா அது நாப்பத்தேழு வரைக்கும் ஓடுமாம். ஒரு பையன் யூடியூபுல ஓட்டியே காட்டுதான். அப்போ மீதி ஒம்போது எங்க? எனக்குள்ள வேகத்தை எனக்கே பூட்டி வச்சிருக்கான். ஒரு கல்யாணத்தை எடிட் பண்ணி முடிச்சு வீடியோவா வெளிய எடுக்க நான் ஆறு மணி நேரம் உட்கார்ந்து கொட்டாவி விடுதேன். எல்லாம் இவன் பார்த்த வேலை!"

ஹாஜிரா ஒரு பழைய கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கல்யாண ஆல்பம் எத்தனை நாள்ல தருவோம்னு உங்க நோட்டீசுல போட்டிருக்கீங்க?"

"முப்பது நாள்."

"வேலை எத்தனை நாள்ல முடியும்?"

"பன்னெண்டு, பதிமூணு நாள்ல முடிஞ்சிரும்."

"மீதி நாளை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"அதெப்படி டீச்சர்! கரண்டு போகும். பிரிண்டு போடுற இடத்துல கூட்டம் கிடக்கும். சில வீட்டுல எந்த போட்டோ வேணும்னு முடிவு பண்ணவே ரெண்டு வாரம் சண்டை போடுவாங்க. எல்லாருக்கும் பொதுவா ஒரு நாள் சொன்னா, சொன்ன நாள்ல கொடுத்தாகணும்லா?"

ஹாஜிரா தூசி தட்டிக்கொண்டே இருந்தார்.

ஐயம்பெருமாள் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "அது வேற, இது வேற" என்றார்.

"சரி."

"சரின்னா? வேகத்தைக் கூட்டக் கத்துத் தருவீங்களா மாட்டீங்களா?"

"கம்ப்யூட்டரைக் கொண்டாங்க."

மறுநாள் காலை கம்ப்யூட்டர் கடை மேசைக்கு வந்தது. அது முழுதாக எழுந்து உட்காரும் முன்பே ஒரு விசையைத் தட்டி, ஹாஜிரா உள் அமைப்புக்குள் போனார். ஒரு கட்டத்தில் 38 என்று இருந்தது. அதை 39 ஆக்கினார். பிறகு ஒரு சோதனையை ஓடவிட்டார். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்கு மூச்சு விட நேரமில்லாமல் கணக்கு மேல் கணக்காகக் கொடுத்து, ஒரு விடை தப்பினாலும் சொல்லிவிடுகிற சோதனை. பக்கத்தில் சூடு எவ்வளவு என்று ஓடிக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் வரைக்கும் ஒரு தப்பும் வரலைன்னா, நாளைக்கு நாப்பது."

"ஒண்ணே ஒண்ணு கூட்ட ஒரு நாளா? நேரா நாப்பத்தேழு போடுங்க டீச்சர்."

"கைப்பிள்ளைக்கு முதல் தடவையா ஒரு சாப்பாடு கொடுத்தா, அன்னைக்கே இன்னொரு புதுச் சாப்பாடும் கொடுப்பீங்களா?"

"அதெல்லாம் வீட்டுல பாத்துக்கிடுவாங்க."

"அவங்களைக் கேட்டுப் பாருங்க. ரெண்டும் சேர்த்துக் கொடுத்துட்டு வயித்துக்கு ஒத்துக்கலைன்னா, எது ஒத்துக்கலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கன்னு கேப்பாங்க."

ஐயம்பெருமாள் வீட்டுக்குப் போய்க் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நாற்பது தாங்கியது. நாற்பத்தொன்றும் தாங்கியது. நான்காம் நாள், நாற்பத்திரண்டில், மூன்று மணி நேரம் கழித்துத் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. ஒரு விடை தப்பு.

ஹாஜிரா ஒன்று குறைத்தார். "இதுக்கு நாப்பத்தொண்ணுதான் அண்ணாச்சி."

ஐயம்பெருமாள் எழுந்து நின்றுவிட்டார்.

"அதே பேரு, அதே பெட்டி, அதே விலை. அந்தப் பையனுக்கு நாப்பத்தேழு, எனக்கு நாப்பத்தொண்ணா? எந்த ஊரு நியாயம் இது? மட்டமான சரக்கா பார்த்து எனக்குத் தள்ளிட்டீங்க!"

"அவரு கையில இருக்கிறது அவருது. உங்க கையில இருக்கிறது உங்களுது. சொன்னது முப்பத்தெட்டு. சொன்னதுக்கு மேல மூணு தருது. இப்ப யாரு மேல கோபம்?"

ஐயம்பெருமாள் கம்ப்யூட்டரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பிள்ளையைச் சண்டை வீட்டிலிருந்து கூட்டிப் போகிற தகப்பன் மாதிரிக் கிளம்பிப் போனார்.

வீட்டில் நாற்பத்தேழு போட்டார். திரை எழவே இல்லை. நாற்பத்தாறு போட்டு, அந்தப் பையன் சொன்னபடி மின்சார அளவையும் கூட்டினார். எழுந்தது. சோதனையை ஓடவிட்டு டீக்கடைக்குப் போய்த் திரும்பினார். இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. போனை எடுத்தார்.

"டீச்சர், நாப்பத்தாறு! நல்லாக் கேட்டுக்கிடுங்க, நாப்பத்தாறு!"

"எவ்வளவு நேரம் சோதிச்சீங்க?"

"பத்து நிமிஷம்."

"அண்ணாச்சி, அதுல கல்யாணம் எதையும் ஏத்தாதீங்க."

"நல்ல வாயில நாலு வார்த்தை வராதே உங்களுக்கு" என்று போனை வைத்தார்.

ஆவணி பிறந்தது. அடுத்தடுத்த நாளில் இரண்டு முகூர்த்தம். முதல் நாள் சிவநந்தினி என்கிற பெண்ணின் கல்யாணம். எடுத்ததை மத்தியானம் அந்த நாற்பத்தாறிலேயே கம்ப்யூட்டரில் ஏற்றினார். பறந்துகொண்டு ஏறியது. மெமரி கார்டுகளை உடனே அழித்தார். மறுநாள் விடியலில் ஆலங்குளத்துக் கல்யாணத்தை அதே கார்டுகளில் எடுத்தார். சீசனில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

ஐந்து நாள் கழித்து எடிட் பண்ண உட்கார்ந்தார். ஐயர் தாலித் தட்டை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளை கையை நீட்டினார். அவ்வளவுதான். திரை முழுக்கப் பச்சைப் பச்சையாகக் கட்டங்கள். பிறகு அசையாமல் நின்றுவிட்டது. எந்தப் பக்கமிருந்து ஓட்டினாலும் அந்த இடத்தில் நின்றது.

கம்ப்யூட்டரோடு கடைக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

"தாலி கட்டுறது இல்ல டீச்சர்! சாப்பாட்டுப் பந்தி இருக்கு. மொய் எழுதுறது இருக்கு. ஒரு கிழவர் தூங்குறது கூட இருக்கு. தாலி கட்டுறது இல்ல! ஞாயித்துக்கிழமை பொண்ணு, மாப்பிள்ளை, மொத்த வீடும் உட்கார்ந்து பார்க்க வாராங்க. இதுக்கப்புறம் இந்த ஊருல என்னை எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்?"

ஹாஜிரா கார்டுகளை வாங்கி, அழித்தது மீளுமா என்று தேடிப் பார்த்தார். ஆலங்குளத்துப் பந்திதான் வந்தது.

"ஒரு லெட்டர் எழுதித் தாங்க" என்றார் ஐயம்பெருமாள். "உங்க கடை சீல் போட்டு. பிராசசர் கோளாறு, அதனாலதான் போச்சுன்னு. அதைக் காட்டிக்கிடுதேன்."

ஹாஜிரா கேபினட்டைத் திறந்தார். உள்ளே பலகையிலிருந்து, சட்டைப் பொத்தான் போல இருந்த ஒரு சின்ன பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்ன செய்யுதீங்க?"

"நாம சொல்லிக்கொடுத்ததை எல்லாம் அது மறக்கட்டும்."

ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போட்டார். 38 என்று வந்தது. சோதனையை ஓடவிட்டார்.

காலை பத்து மணிக்குத் தொடங்கியது. ஐயம்பெருமாள் உட்காரவே இல்லை. கம்பெனிக்காரனைத் திட்டினார். யூடியூப் பையனை, அவன் கம்மலோடு சேர்த்துத் திட்டினார். மின்வாரியத்தைத் திட்டினார். இந்த வருஷத்து வெயிலைத் திட்டினார். ஹாஜிரா இரண்டு பிரிண்டர் பழுது பார்த்தார், சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து சாப்பிட்டார், இவருக்கும் பாதி வைத்தார். மாலை ஐந்து மணி ஆனது.

திரையை இவர் பக்கம் திருப்பினார் ஹாஜிரா. தவறு: பூஜ்யம்.

"கோளாறு எங்க இருக்குன்னு காட்டுங்க. எழுதுதேன்."

"எழுதினா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது? அது என்ன வாய் பேசவா போகுது?"

இப்போதுதான் ஹாஜிராவின் குரல் உயர்ந்தது.

"அன்னைக்கு நாலு நாளா இந்த மேசையில என்ன செஞ்சிச்சு அது? முடியும்னா முடியும்னு சொல்லிச்சு. முடியலைன்னதும் சிவப்புல எழுதிக் காட்டிச்சு. இந்தக் கடையில அதைத் தவிர வேற யாரும் இந்த விஷயத்துல ஒழுங்கா நடந்துக்கலை அண்ணாச்சி. அது பேருல நான் பொய் எழுதணுமா?"

ஐயம்பெருமாள் உட்கார்ந்தார். அன்றைக்கு முதல் தடவையாக.

"அப்போ கல்யாண வீட்டுல என்னத்தச் சொல்ல?" என்றார்.

"அந்த நேரம் மேடையில வேற யாராவது போன்ல எடுத்தாங்களா?"

"யாரையும் விடலையே நான். ஒருத்தி மட்டும் விடாம நின்னா. பொண்ணோட சித்தி. போனைத் தூக்கிக்கிட்டு என் கேமராவுக்கு நேர் குறுக்க. தோளைப் பிடிச்சுத் தள்ளிப் படிக்குக் கீழ இறக்கி..."

நிறுத்திக்கொண்டார்.

"இறக்கி விட்டீங்களா?"

"தாலி கட்டுற நேரம் டீச்சர்! கை குறுக்க வந்தா என் வீடியோ என்னத்துக்கு ஆகும்?"

ஹாஜிரா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

சித்தி பெயர் உலகம்மாள். வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். கை நிற்கவில்லை.

"யாரு, கேமராக்காரரா? இப்பவும் நான் குறுக்கதான் உட்கார்ந்திருக்கேனா? எந்திரிக்கணுமா?"

"இல்லக்கா..."

"அக்காவா! அன்னைக்கு ஏம்மா, அறிவில்லன்னு கேட்ட வாயா இது? மூணு வயசுல இருந்து அந்தப் பிள்ளைக்குத் தலை சீவி விட்டவ நான். காய்ச்சல்னா நான், பரீட்சைன்னா நான். சம்பந்தகாரங்க அத்தனை பேரும் பார்க்க, மாடு பத்துற மாதிரிப் பத்தி விட்டீரே. இப்ப என்ன வேணும்?"

ஐயம்பெருமாள் ஹாஜிராவைப் பார்த்தார். ஹாஜிரா வாசலில் கிடந்த பீடி இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்த பிராசசர்னு ஒண்ணு இருக்கு. அந்தக் கம்பெனிக்காரன் என்ன பண்ணிட்டான்னா..."

உலகம்மாளின் கை நின்றது. அவர் பார்த்த பார்வையில் ஐயம்பெருமாள் அந்தப் பேச்சை விட்டார்.

"தாலி கட்டுற வீடியோ கெட்டுப்போச்சுக்கா" என்றார். "நான்தான் கெடுத்தேன். உங்க போன்ல இருக்கிறதைத் தருவீங்களா?"

உலகம்மாள் முறத்தை இறக்கி வைத்தார். உள்ளே போய்க் கண்ணாடி கீறின ஒரு போனைக் கொண்டு வந்து நீட்டினார்.

"என்ன விழுந்திருக்கோ. எடுக்க மட்டும்தான் நந்தினி சொல்லிக் கொடுத்தா. திறந்து பார்க்கச் சொல்லிக் கொடுக்கதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிட்டா."

ஐயம்பெருமாள் தேடி எடுத்து ஓட்டினார். மூவரும் குனிந்து பார்த்தார்கள். முதலில் யாரோ ஒருவரின் முதுகு. பிறகு தலைகள், பூ, மாலை. கை இன்னும் உயர்கிறது. படம் ஆடுகிறது, பிறகு நிற்கிறது. சிவநந்தினியின் கழுத்து. மாப்பிள்ளையின் விரல்கள். ஒரு முடிச்சு. கெட்டிமேளம். இரண்டாவது முடிச்சு. மேளத்துக்கும் மேலே, மேளத்தைவிடச் சத்தமாக, ஒரு குரல்.

"ஏம்மா, அறிவில்ல? இறங்கு! கீழ இறங்குங்கேன்!"

மூன்றாவது முடிச்சு. பிறகு மண்டபத்து மின்விசிறி. பிறகு யாருடைய காலோ.

ஐயம்பெருமாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது.

"அந்தக் குரலை மட்டும் எடுத்துரலாம்" என்று முணுமுணுத்தார். பிறகு அவரே, "எடுத்தா மேளமும் சேர்ந்து போயிரும்" என்றார். பிறகு, "டீச்சர், என்ன செய்யட்டும்?" என்றார்.

"என்கிட்ட ஏன் அண்ணாச்சி கேக்கீங்க?"

ஐயம்பெருமாள் மெல்லத் திரும்பினார். உலகம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை போடு தம்பி. அன்னைக்குப் போனைத் தூக்கிப் பிடிச்சதுலயும் நீ தள்ளினதுலயும் நான் கண்ணால பார்க்கலை. கொஞ்சம் மெதுவா ஓட்டுவியா?"