துடுப்பை விட்டு ஓடியவன்

கொற்றியிடம் சுக்கான் பிடிக்கக் கற்றவர்களில் அந்துவனுக்குத்தான் வயது அதிகம். அவளைவிட இருபது வயது மூத்தவன். அறுபது துடுப்புகள் கொண்ட போர்க்கப்பலின் தலைவன். அவள் மீன் பிடிக்கிற வீட்டுப் பெண். ஆனால் ஆற்றுமுகத்து மணல்திட்டுகளுக்கும் பாறைகளுக்கும் நடுவே கப்பலை ஓட்டும் வித்தை அந்தத் துறையில் அவளுக்குத்தான் முழுதாகத் தெரியும். அதனால் அவன் அவளை ஆசானே என்பான். அவள் அவனைத் தலைவரே என்பாள். அதில் கேலியும் இருக்கும், அதைவிட அதிகமாகப் பிரியம் இருக்கும்.

ஒருநாள் காலையில் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். கொற்றி மணலில் உட்கார்ந்து சுக்கான் கயிற்றுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள்.

"ஆசானே, ஒரு கேள்வி."

"முதலில் அந்த எண்ணெய்ச் சட்டியை நகர்த்துங்கள். காலில் கொட்டிக்கொள்வீர்கள்."

நகர்த்தினான்.

"கோழைகளை வைத்துக்கொண்டு எப்படிப் போர் செய்வது?"

"யார் கோழை?"

"என் துடுப்புக்காரர்கள். பத்து நாளைக்கு முன்னால் கொள்ளையர் கப்பலை விரட்டிப் பிடித்துவிட்டோம். கல்லெறி தூரம்தான் பாக்கி. முட்டியிருந்தால் பிளந்திருக்கும். திடீரென்று துடுப்புகள் நின்றுவிட்டன. செத்த மீன் மாதிரி மிதந்தோம். அவர்கள் தப்பிவிட்டார்கள்."

"முதலில் நிறுத்தியது யார்?"

"கடலன். முதல் பலகைக்காரன். அவன் துடுப்பைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வலிப்பார்கள். அதையே போட்டுவிட்டு ஓடினான். இன்று உச்சிப்பொழுதில் துறைச்சபை கூடுகிறது. இனி இந்தக் கரையில் அவன் காலே வைக்கக் கூடாது என்று கேட்கப்போகிறேன். என் சொல்லைச் சபை தட்டாது."

கயிற்றின் மேல் ஓடிக்கொண்டிருந்த கொற்றியின் கை நின்றது.

"அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள்."

"தெரியாதா எனக்கு? அவன் கல்யாணத்துக்குப் படகு செய்து கொடுத்ததே நான்தான். பிள்ளை மாதிரி வைத்திருந்தேன், ஆசானே. அதனால்தான் வயிறு எரிகிறது."

"அவன் என்ன சொல்கிறான்?"

"என்ன சொல்வான்? 'ஓடினாயா?' என்றால் 'ஓடினேன்' என்கிறான். அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை."

"எந்தப் பக்கம் ஓடினான்?"

"இது என்ன கேள்வி? ஓடினான் என்றால் ஓடினான்தான்."

"சுற்றிலும் கடல், தலைவரே. ஒன்று முன்பக்கம் ஓட வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம்."

"பின்பக்கம். நான் நின்ற மேடைக்கு. தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு ஏதோ கத்தினான். எனக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வந்திருப்பான், வேறென்ன?"

"அம்பெல்லாம் எங்கே விழுந்துகொண்டிருந்தது?"

"மேடையில்தான். தலைவனைத்தானே குறிவைப்பார்கள்? என் கேடயத்தில் மட்டும் பதினோரு அம்பு." அவன் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. "பாணர் பாட்டே கட்டிவிட்டார்."

"பாட்டில் கடலன் வருகிறானா?"

"துடுப்புக்காரன் பாட்டில் எப்படி வருவான்?"

"அதுவும் சரிதான். அம்பு விழுகிற இடத்துக்கா ஒளிந்துகொள்ள வந்தான்?"

"பயந்தவனுக்குப் புத்தி எங்கே இருக்கும்? வாதத்துக்கு இழுக்காதீர்கள், ஆசானே. நீங்கள் ஆரம்பித்தால் கடல் வற்றினாலும் விடமாட்டீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்."

கொற்றி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சின்னப் படகை அவிழுங்கள். கொஞ்சம் போய்வரலாம்."

அந்துவன் வழக்கம்போலப் படகின் பின்முனைக்குப் போனான்.

"அது என் இடம். நீங்கள் பலகையில் உட்காருங்கள்."

"நானா? நான் துடுப்பே வலித்ததில்லையே."

"அறுபது பேரை வலிக்க வைக்கத் தெரிகிறதல்லவா? உட்காருங்கள். என்னைப் பார்த்து."

அவன் பெரிய வணிகர் வீட்டுப் பிள்ளை. அதுவரை கப்பலில் நின்றுகொண்டுதான் போயிருக்கிறான். உட்கார்ந்து வலிக்கத் தொடங்கினான். போகிற திசைக்கு முதுகு. பத்துத் தடவை வலிப்பதற்குள் உள்ளங்கை எரிந்தது.

"எங்கே போகிறோம் என்றே தெரியவில்லையே!"

"என்ன தெரிகிறது?"

"உங்கள் மூஞ்சிதான் தெரிகிறது."

"பாவம்தான். அதைப் பார்த்தே வலியுங்கள்."

வலித்தான். அவள் புருவம் ஏறினால் வேகமாக. உதடு சுழிந்தால் மெதுவாக. அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் அவன் கைக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

முதுகுக்குப் பின்னால் பாறையில் அலை அறையும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க நினைத்தான். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. திரும்பாமல் வலித்தான்.

சத்தம் பெரிதானது. அப்போது கொற்றி மடியில் கிடந்த ஓலைக்குடையை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆசானே?"

அவன் குரலை உயர்த்தினான்.

"ஆசானே! பாறை!"

குடை அசையவில்லை. நீர்த்துளிகள் அவன் முதுகில் தெறித்தன. இன்னும் இரண்டு தடவை வலித்தான். கை தானாக நின்றது. வெயில் தாக்கிவிட்டதா? மயக்கமா? துடுப்பை அப்படியே விட்டுவிட்டு, ஆடுகிற படகில் முழங்காலிட்டுத் தவழ்ந்து போய், அவள் காலைப் பிடித்து உலுக்கினான்.

"கொற்றி! அம்மா! என்ன ஆயிற்று உனக்கு?"

குடை இறங்கியது. அவளுடைய மற்றொரு கை சுக்கானை அழுத்திப் பிடித்திருந்தது. பாறை இடப்பக்கமாக விலகிப் போய்க்கொண்டிருந்தது.

"எனக்கு ஒன்றும் இல்லை," என்றாள். "குடையில் ஓட்டை இருக்கிறது. எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள்தான் துடுப்பை விட்டு ஓடிவந்துவிட்டீர்கள்."

"நான் எங்கே ஓடினேன்? உனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று..."

அவள் காலைப் பற்றியிருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடுங்கள், தலைவரே," என்றாள். "வலிக்கிறது."

விட்டான். பலகைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தான். துடுப்பைத் தொடவில்லை.

"அன்று எனக்குப் பயமாக இருந்தது, ஆசானே. அது துடுப்புக்காரர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் கேடயத்தை முகத்துக்கு நேரே பிடித்தேன். கடைசிவரை இறக்கவே இல்லை."

"தெரிந்தால் என்ன? அவர்களும் பயந்துகொண்டேதானே வலித்தார்கள்?"

தூரத்தில் கரையில் சபைக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொற்றி படகைத் திருப்பினாள். அந்துவன் வலித்தான். கையில் தோல் உரிந்தது. அவன் நிறுத்தவில்லை.

பாதி வழி வந்ததும் கேட்டான்.

"அவன் சொல்லியிருக்கலாமே? 'உங்களுக்கு அடிபட்டுவிட்டதோ என்று பார்க்க ஓடிவந்தேன்' என்று ஒரே ஒரு வார்த்தை! கரையைவிட்டே துரத்தப்போகிறார்கள் என்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால், தலைவர் முகம் ஏன் தெரியவில்லை என்று சபை கேட்டிருக்குமே."